வாயில் மண்

"உன் வாயில மண்ணு விழ" என்று
கீழ்வீட்டுத் தணிகாசலம்
தண்ணீர் லாரிக்காரரைத் திட்டும்போதெல்லாம்
மூன்றாம் மாடியில் என் மீன்களை
யாரோ வாழ்த்துவதுபோல் இருக்கிறது.

கொளத்தூர் கடையில்
பெயர் நாக்கில் நிற்காமல்
பை மேல் மார்க்கரில் எழுதியிருந்தார்கள்:
மண்தின்னி. ஆப்பிரிக்கா. ஆறு உருப்படி.
நிறமா? கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் தட்டு.
சாய்த்துப் பார்த்தால் ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள்.
"இதுக்கா இவ்ளோ காசு?" என்றான் இன்பராஜ்.

எம்-சாண்ட் ஆகாது, செவுளைக் கிழிக்கும்.
வில்லிவாக்கம் முழுக்கக் கட்டடம் எழும்புகிறது,
ஒரு மூட்டை ஆற்று மணலுக்கு
நான்கு மேஸ்திரிகளிடம் நின்றேன்.
கோதுமைச் சல்லடையில் சலித்தபோது
சிப்பி, பீடித்துண்டு, பச்சை வளையல் சில்லு.
பதினோரு வாளி கழுவியும் கலங்கல்.
நான் சலித்ததில் நம்பிக்கை இல்லாமல்
அவை முதலிலிருந்து தொடங்கின:
ஒரு வாய் அள்ளி, மென்று,
செவுள் வழியே தூறலாகச் சொரிந்து,
அடுத்த வாய்.

எங்கள் போர் தண்ணீரில் பருப்பு வேகாது.
முடி கொட்டுகிறது, குழாய் மூக்கில் வெள்ளைப் பொருக்கு.
அந்த உப்புதான் வேண்டுமாம் இவற்றுக்கு.
இந்தத் தெருவில்
அதைக் குறை சொல்லாத ஆறு பேர்.

ஆவணியில் ஒருத்தி தீனிக்கு வரவில்லை.
மூலையில், தாடை கனத்து,
நான் ஊசி ஏற்றும்போது
பல்லைக் கடிப்பவர்களின் முகத்தோடு.

ஆறு மணிக்கு நான் லேபுக்கு இறங்குவேன்,
அம்பத்தூர் கிடங்கிலிருந்து அவன் ஏறுவான்.
படிக்கட்டில் சாவி கைமாறும்.
"இன்னும் வாயிலதான்."
"சாப்பிட்டாளா?"
"யாரு, நானா?"

பத்தாம் நாள் ஞாயிறு.
இருவரும் வீட்டில் இருக்கும் ஒரே இரவு,
கரண்ட் போனது.
பேட்டரி பம்பு இருமி நின்றது.
சொம்பில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம்,
காற்று கலக்கட்டும் என்று,
கால் மணிக்கு ஒரு கை.

டார்ச் பிடித்திருந்தேன்.
அவள் ஆணின் எதிரே வந்து நின்றாள்.
வாய்க்கு வாய்.
வாலும் கண்ணுமாய்க் கடுகு கடுகாக
ஒன்று, மூன்று, பிறகு எண்ண விடவில்லை,
இவளிடமிருந்து அவனுக்குள்.
அவன் தாடை கனத்தது.
அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல்
நேரே மணலுக்குப் போனாள்.
பத்து நாள் பசி.
ஒரு வாய் அள்ளினாள்.

"கை வலிக்குது" என்று
இன்பராஜ் சொம்பை நீட்டினான்.
கீழே தணிகாசலம்
மின்வாரியத்துக்குப் போன் போட்டு
இருட்டில்
மண்ணை வாரி வாரி இறைத்துக்கொண்டிருந்தார்.