எரியாத விளக்கு

மூன்று வாரமாகச் சிவப்பு விளக்கு எரியவில்லை.
நல்லதுதான் என்றிருந்தேன்.
இன்று வார்தோ துறைமுகத்தில், மீன்பெட்டிகளுக்கு நடுவே,
ஹாரன் ஒருமுறை இருமிற்று. அதோடு சரி.

பதினொன்று புள்ளி ஆறு வோல்ட்.
உதைத்துக் கிளப்பி, உறுமவிட்டு அளந்தாலும்
அதே பதினொன்று புள்ளி ஆறு.
பிரஷ்ஷில் குறையில்லை.
ரெகுலேட்டரை வீணாகத் திட்டியும் ஆயிற்று.

டார்ச் பிடித்திருந்த ஓட்வார் கேட்டான்:
“சாவி போட்டதும் அது எரியணுமே, எரிந்ததா?”

எழுபத்தெட்டில் செய்த வண்டி.
அந்தப் பல்பு வழியே போகிற துளி மின்சாரம்தான்
ஆல்டர்னேட்டரைத் தட்டி எழுப்பும்.
பல்பு செத்தால்
யாரும் யாரையும் எழுப்புவதில்லை.

தன் படகுத் திசைகாட்டிக்குள் இருந்த
குண்டுமணி பல்பைக் கழற்றித் தந்தான்.
“இரவில் வடக்கு எங்கே என்று
எனக்கே தெரியும், போ.”

சாவி திருப்பினேன். சிவப்பு!
கடற்காகங்கள் கலைய
எச்சரிக்கையைப் பார்த்துக் கைதட்டினோம்.
உதைத்தேன். தயங்கி, மங்கி, அணைந்தது.
பதிமூன்று புள்ளி ஒன்பது.

த்ரோம்ஸோவிலிருந்து அக்கா ராக்ன்ஹில்
வாராவாரம் அழைத்து
அழுது தீர்ப்பவள்.
இந்த மூன்று வாரமாக ஒரு குறையும் சொல்லவில்லை.

கிரீஸ் விரலோடே
எண்களை அழுத்துகிறேன்.