பறக்குமுன் கதிரையைப் போடு

முதலில் கதிரை.
நின்றபடி பறந்தால் முழங்கால் ஏமாற்றும்.
விமானம் இடப்பக்கம் சரிய நானும் சரிந்து
போன ஞாயிறு கச்சான் பாத்திக்குள் விழுந்தேன்.
விமானம் விழவில்லை.

முல்லைத்தீவு மீன் வந்த ரிஜிபோம் பெட்டிதான் இறக்கை.
சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவியும்
வெயிலேறினால் பாரை மணக்கிறது.
மூக்கில் நகமளவு கமரா,
முதுகில் காளான்போல் ஓர் அன்ரனா.
மாங்குளத்தில் போன் திருத்தி
ஏழு மாதம் மிச்சம் பிடித்தது
இந்த முகக்கண்ணாடிக்கு மட்டும் காணும்.

கண்ணாடி போட்டவனுக்குத் தன் காலடி தெரியாது.
பக்கத்தில் வெறுங்கண்ணோடு ஓர் ஆள் வேண்டும்.
கடையில் எனக்கு அடுத்த மேசை அகல்விழி வந்தாள்.
பேருக்கேற்ற வேலை என்றேன்.
"சம்பளம் எவ்வளவு?" என்றாள்.
பொலிஸ் தந்த அனுமதிக் கடிதத்தைக்
கதிரையின் கீழ் வைத்து
மேலே ஒரு கல்லும் வைத்தாள்.

எறிந்தாள்.

வயிறு கீழே நின்றுவிட்டது.
மற்றதெல்லாம் ஏறியது:
வரம்பு, வண்டிப்பாதை, வற்றிய குளத்தின் வெள்ளை விளிம்பு.
ஒரு வட்டமடித்துத் திரும்ப
கதிரையில் ஒருவன், முகத்தில் பெட்டியோடு.
என்னை நான் பின்னாலிருந்து பார்த்தது அதுவே முதல்தரம்.
உச்சியில் முடி குறைந்திருக்கிறது.

"வலப்பக்கம் பருந்து. உன்னைத்தான் பாக்குது."

பிறகு அந்தப் பெண்.
கச்சான் பிடுங்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.
ஓடவில்லை. நடந்துதான் போனாள்
பாலை மரத்தடிக்கு.
தண்டோடு ஒட்டி நின்றாள்.
"சத்தம்," என்றாள் அகல்விழி.
எனக்குக் கேட்கவில்லை,
நான் சத்தத்துக்குள் இருந்தேன்.
ஊரே ஒருகாலம் வண்டு என்று சொன்ன சத்தம்.
இது பெருவிரல் பருமன் மோட்டர்தான்,
ஆனால் காலுக்கு அளவு தெரியாதே.

திருப்பினேன்.
மேற்கே, மரவரிசைக்கு அப்பால்.
மரத்துக்குப் பின்னால் போகாதே, படம் கரையும் என்பது
முதற்பாடத்தின் முதல் வரி.
கரைந்தது.
சாம்பல் புள்ளி, வெள்ளைக் கோடு,
ஒரு நொடி வானம், பிறகு ஒன்றுமில்லை.

"எங்க விழுந்தது?"
அகல்விழி பதில் சொல்லவில்லை.
கழற்றிப் பார்த்தேன்.
மரங்களுக்கு அப்பால் நாடா.
நாடாவில் சிவப்புப் பலகை, மண்டையோடு.
அதற்கும் அப்பால்.

வண்டிப்பாதையால் நாடா வரை நடந்து
மீண்டும் போட்டேன். படம் வந்தது.
நிலம் செங்குத்தாய் நிற்கிறது.
புல் படுத்தபடி வளர்கிறது.
ஓர் உடும்பு சுவரேறுவதுபோல் வந்து
கமராவை நக்கிவிட்டுப் போனது,
பலகை வாசிக்காத உடும்பு.
மூலையில் பற்றரி எண்: 10.9.

பின்னால் செருப்புச் சத்தம்.
ஏசப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.
பெயர் சுகிர்தமலராம். விரலெல்லாம் மண்.
"அது எங்கட காணி. தெரியுதோ?"

கையைச் சட்டையில் துடைத்து வாங்கினாள்.
அகல்விழி பட்டியை இறுக்கிவிட்டாள்.
கொஞ்சநேரம் அசையவில்லை.
பிறகு மெல்லத் தலையைச் சாய்த்தாள், நிலத்தை நிமிர்த்த.
அப்படி நிமிராது,
நிலமும் கூடவே சாயும் என்று சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.

"புல்லு நல்லா வந்திருக்கு. மாடு விடலாம்."

10.1.

"கிணறு?"
"கமரா மற்றப் பக்கம் பாக்குது, அக்கா."
"அப்ப திருப்பன்."

விழுந்த விமானம் திரும்பாது.
ஆனாலும் குச்சியைத் தள்ளினேன்.
அங்கே வால்தகடு ஒருமுறை துடித்திருக்கும்.
"புல்லு ஆடுது," என்றாள்.
இன்னொருமுறை தள்ளினேன்.
"ஆடுது."

9.6.

பிறகு அவள் ஒன்றும் சொல்லவில்லை.
கண்ணாடியைக் கழற்றவும் இல்லை.
தூரத்தில் வெறுங்கதிரை,
அதன் கீழே கல்,
கல்லின் கீழே அனுமதி.