ஐந்து பிக்கோஆம்பியருக்குக் கீழே

செகெட் நகரில் பிப்ரவரி.
திஸா ஆற்றின்மேல் மூடுபனி. கடைசி டிராம்
பதினொன்று நாற்பதுக்கே போய்விட்டது.
எலியின் மூளையிலிருந்து சீவிய துண்டு,
அரை மில்லிமீட்டரும் தடிமன் இல்லை.
அதில் ஒரு செல். அந்தச் செல்லின் பத்து நிமிடம்
என் திரையில் கோடாகக் கிடக்கிறது.

பேத்தை மீனின் நஞ்சை ஊற்றி
எல்லாப் பேச்சையும் நிறுத்தியிருந்தோம்.
யாரும் யாரையும் கூப்பிடவில்லை.
ஆனாலும்
எங்கோ ஒரு நுனியில் ஒரு பை
தானாக உடைகிறது,
கேட்காத கேள்விக்குப் பதில் மாதிரி.
கோடு சட்டென்று இறங்கி
சோம்பலாக ஏறி வருகிறது.

அவ்வளவுதான் நிகழ்வு.
அதை எண்ணுவதுதான் என் வேலை.

மென்பொருளுக்கு ஓர் அச்சு கொடுத்திருக்கிறேன்:
அரை மில்லிசெகண்டில் விழு,
ஐந்து மில்லிசெகண்டில் எழு.
ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு
போகிற வருகிற காலையெல்லாம் அளப்பவனைப்போல
அது கோடு நெடுக நகர்கிறது.
பொருந்திய இடத்தில் சிவப்புப் புள்ளி.

வரம்பு ஐந்து பிக்கோஆம்பியர்.
ஏன் ஐந்து என்றான் பெந்தெகூஸ்.
நாலு வைத்தால் இரைச்சலெல்லாம் நிகழ்வாகிறது,
ஆறு வைத்தால் நிகழ்வெல்லாம் இரைச்சலாகிறது என்றேன்.
அது பதில் இல்லை என்று
அவனுக்கும் தெரியும்.

நேற்று ஒரே பத்து விநாடியை
இருவரும் தனித்தனியே எண்ணினோம்.
எனக்கு நாற்பத்தொன்று. அவனுக்கு முப்பத்து மூன்று.
மென்பொருளுக்கு ஐம்பத்தேழு.
சண்டை ஓர் இடத்தில்தான் வந்தது:
முதலாவது எழுந்து முடிக்குமுன்
அதன் முதுகிலேயே இன்னொரு சரிவு.
"பெரிய ஒன்று" என்றான்.
"அவசரப்பட்ட இரண்டு, செங்கே சொல்கிறேன், எழுதிக்கொள்" என்றேன்.
அவன் வாங்கிவந்த சீஸ் ரொட்டி ஆறிப்போனது.
ஐம்பத்தேழு கண்ட மென்பொருள்
அந்த ஓர் இடத்தில் மட்டும்
எதுவுமே இல்லை என்றது.

கோப்புகளின் பெயரை மறைத்ததும் அவன்தான்.
எது மரபணு மாற்றிய எலி, எது சாதா எலி,
எனக்குத் தெரியக்கூடாது.
'சாம்பல்', 'கரண்டி', 'வியாழன்' என்று
பெயர் வைத்திருக்கிறான் பாவி.
கரண்டியில் குறைவாக இருந்தால் நல்லது என்று
மனசு ஏனோ விரும்புகிறது.
விரும்பும்போதே விரல்
சந்தேகப் புள்ளியொன்றை அழித்துவிடுகிறது.
மீட்கிறேன்.
அழிக்கிறேன்.
மீட்கிறேன்.

எல்லா நிகழ்வையும் தொடக்கம் சேர்த்து
ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி கண்டால்
வழவழப்பான ஒரு வளைவு வருகிறது. அழகு.
கட்டுரையில் அதைத்தான் அச்சிடுவோம்.
தேடிப் பார்த்தேன்,
அந்த முகத்தோடு ஒரு நிகழ்வுகூட
பதிவில் இல்லை.

ஒரு மணிக்கு 'வியாழனை'த் திறந்தேன்.
முதல் நாலு நிமிடம் கொட்டுகிற மழை.
பிறகு தூறல்.
சின்னவை, அரிதானவை,
ஆனாலும் அச்சுக்குப் பொருந்துபவை. பன்னிரண்டு.
கடைசி இரண்டின் வடிவம் எனக்கே பிடித்திருந்தது,
பெரிதாக்கிப் பார்த்து 'சரி' என்று அழுத்தினேன்.

மழை ஏன் நின்றது என்று அறிய
பதிவு நோட்டைப் புரட்டினேன்.
எமெஷேயின் சாய்ந்த எழுத்து:
'நாலு நிமிடம் பத்து விநாடி. செல் கழன்றது.
குழாய்முனை அடைத்துக்கொண்டது.
பதிவை நிறுத்த மறந்துவிட்டேன். மன்னிக்கவும்.'

கீழ்த்தளத்துக் குளிர்பெட்டியாக இருக்கலாம்.
யாரோ விளக்கைத் தட்டியிருக்கலாம்.
யாருமே இல்லாத ஆறு நிமிடத்தில்
பன்னிரண்டு பேரைக் கண்டுபிடித்திருக்கிறது மென்பொருள்.
இரண்டு பேருக்கு நானே
கதவு திறந்திருக்கிறேன்.

எமெஷேயைத் திட்டமாட்டேன்.
அவள் மறதிதான் இந்த மாதத்தின்
உருப்படியான சோதனை.
காலையில் பெந்தெகூஸிடம் சொல்லவேண்டும்:
நிமிடத்துக்கு இரண்டு பொய்,
எல்லா எண்ணிக்கையிலிருந்தும் கழித்துக்கொள்.

கழித்துவிடலாம்.
எந்த இரண்டு என்று மட்டும்
கேட்காதே.