வருகைப் பதிவு

எங்கள் பதினேழாம் கம்பெனியின் முதல் கணக்கேட்டில்
இருப்பது இவ்வளவுதான்:
கைப்பம்பு ஒன்று. தோல் வாளி நாற்பது.
குதிரை இரண்டு, சவவண்டிக்காரரிடம் வாடகைக்கு.
பிந்தி வந்தவர் கட்டிய அபராதம், அரை பேசோ.
சம்பளம் என்றொரு பத்தியே இல்லை.
இன்றும் இல்லை.
வால்பராய்சோவில் தீயணைக்க வருகிறவர்
மாதச் சந்தா கட்டிவிட்டுத்தான் வருகிறார்.

பகலில் நிக்கனோர் ஒயார்சூன்
மீன்சந்தையில் ஐஸ் உடைப்பவன்.
சனிக்கிழமை சிக்னலில் நின்று
தகர டப்பா குலுக்குவான், புதுக் குழாய் வாங்க.
கண்ணாடியை ஏற்றிக்கொண்டவர்களின் வண்டி எண்
அவனுக்கு மனப்பாடம்.
"இவங்க வீடு பத்திக்கிட்டா
மெதுவாப் போவோம்" என்பான்.
ஒருநாளும் போனதில்லை, மெதுவாக.

நான் ரேடியோ அறையில் இருப்பவள்.
நெருப்பை அருகில் பார்த்ததில்லை.
குரல்களில் அது ஏறுவதைக் கேட்டிருக்கிறேன்.

அந்தப் பிப்ரவரி,
யூகலிப்டஸ் சரிவில் தெற்குக் காற்று.
குழாயின் நீளம் தீர்ந்த இடத்துக்கு மேலே
இன்னும் நூற்றிருபது படி, பதினோரு தகரக் கூரை.
"நாய் குரைக்குது, யாரோ இருக்காங்க" என்றான்.
பதினொன்று நாற்பதுக்குக் கூப்பிட்டேன்.
நாற்பத்திரண்டுக்கு.
நாற்பத்து மூன்றுக்கு.
கரகரப்பு.
அடுத்த வரியில் பேனா அழுத்தி
என் ஏடு கிழிந்திருக்கிறது.

அமைச்சர் வந்தார். வெண்கலம் வந்தது.
ஒயார்சூனில் ஓர் எழுத்தை விட்டிருந்தார்கள்.
திருத்துவதற்குக் கொத்தர் கேட்ட கூலிக்கு
மறுபடி டப்பா குலுக்கினோம், அதே சிக்னலில்.
காசு போட்ட ஒருத்தி எதற்கு என்றாள்.
ஓர் எழுத்துக்கு, என்றோம்.

வருடம் ஒருமுறை முற்றத்தில் நின்று
இறந்தவர் பெயர்களை வாசிப்போம்.
கூப்பிடுவது என் தொழில், ஆகவே ஏடு என் கையில்.
யோவாக்கிம் ஹைன்ட்ஸே.
அத்திலியோ பொஜ்ஜோலி.
ஒவ்வொரு பெயருக்கும் வரிசை முழுதும்
"உள்ளேன்" என்கிறது.

நிக்கனோர் ஒயார்சூன்.

அன்றிரவு மூன்று முறை நான் கேட்டதற்கு
எண்பது தொண்டைகள் பதில் சொல்கின்றன:
ரொட்டி சுடுகிறவர், பல் டாக்டர்,
போன வாரம் சேர்ந்த பத்தொன்பது வயதுப் பெண்,
தலைக்கவசத்தில் இன்னும் கரி படாதவள்.
அவள் "உள்ளேன்" மட்டும்
ஒரு நொடி பிந்தி வருகிறது.

யாரும் அபராதம் கேட்கவில்லை.