எல்லாப் பொத்தானிலும் யோர்ன்

வியாழன் மாலை, டெர்ஸ்கெல்லிங் தீவு.
ஜன்னலில் உப்புப் படிந்திருக்கிறது.
திரையில் பன்னிரண்டு பொத்தான்கள்,
தொட்டிக்கு ஒன்று, கடல்நாய்க்கு ஒன்று.

ஒன்றை அழுத்தினாள் வீட்ஸ்க.
யோர்ன். பதினான்கு கிலோ. மீன்: தொடவில்லை.
நான்கை அழுத்தினாள்.
யோர்ன். பதினான்கு கிலோ.
ஏழு, ஒன்பது… யோர்ன், யோர்ன்.
போன திங்கள் விடியலில் செத்துப்போனது
எல்லாத் தொட்டியிலும் வந்து நீந்துகிறது.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
ரப்பர் பூட்ஸைக் கழற்றாமலே நின்றாள்,
கையில் ஹெர்ரிங் வாடை.

நான் எழுதிய பைத்தான்.
பிழைச்செய்தி வந்திருந்தால் கும்பிட்டிருப்பேன்.
சிவப்பில், வரி எண்ணோடு,
இங்கேதான் சறுக்கினாய் என்று
மூஞ்சிக்கு நேரே திட்டுகிற பிழை நல்ல பிழை.
இது திட்டாது.
சிரித்த முகமாய்த்
தப்பான வீட்டுக்கு வழி சொல்லும்.

கோப்பைத் திறந்தேன், பன்னிரண்டு பேரும் இருந்தார்கள்.
டேட்டாபேஸைச் சந்தேகித்தேன்; பாவம், நிரபராதி.
டிகிண்டரை வைதேன். மூடித் திறந்தேன்.
காபி ஆறியது.
கடைசியில் வெட்கத்தை விட்டு
வரிக்கு வரி பிரிண்ட் போட்டேன்.

லூப் ஓடும்போது
ஒவ்வொரு பொத்தானின் கையிலும்
கடல்நாயைக் கொடுத்ததாகத்தான் நினைத்திருந்தேன்.
கொடுத்ததோ 'இப்போது யார்?' என்ற கேள்வியை.
லாம்டா சோம்பேறி,
அழுத்தும்வரை கேட்காது.
கேட்கும்போது
லூப் என்றைக்கோ ஓடி முடிந்து
கடைசி ஆளின்மேல் நின்றுபோயிருக்கும்.

கடைசி ஆள் யோர்ன்.

திருத்தம் அரை வரி.
ஆள் சமம் ஆள்:
அந்தந்தச் சுற்றிலேயே உள்ளங்கையில் திணித்துவிடு,
அப்புறம் கேட்டுக்கொள்ளட்டும் என்று விடாதே.

ஒன்று: ஸிப், இருபத்தொரு கிலோ, ஓயாத கத்தல்.
நான்கு: மொஸ்ஸல், இடக்கண்ணுக்குச் சொட்டு மருந்து.
ஒன்பது: நேற்று வந்தது, இன்னும் பெயரில்லை.

பன்னிரண்டின் மேல் விரலை வைத்தாள்.
அழுத்தவில்லை.
"எடுத்துவிடவா?" என்றேன். ஒரு வரி வேலை.
வெளியே வாளிகள் மோதும் சத்தம்,
கடல் வற்றிச் சேறு மினுங்குகிறது.
"எடுத்தால் தொட்டி எண் குழம்பும்" என்றாள்.
குழம்பாது.
இருவருக்கும் தெரியும்.

சேமித்தேன். மாற்றக் குறிப்பில் எழுதினேன்:
பதினொரு பொத்தான்கள் திருத்தப்பட்டன.
பன்னிரண்டாவதில் பிழை இருக்கவில்லை.