இரண்டு வருஷ உத்தரவாதம்

ரொட்டியைக் கடித்தபோது
கழன்று விழுந்தது, அம்மானில் வைத்த பல்.
மூன்று மாதச் சம்பளம் அது.
தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் படுக்கப் போட்டு
பொகவந்தலாவை பஸ்ஸில் நின்றபடியே ஹட்டன் வந்தேன்.

டொக்டர் திலினி லைட்டை இழுத்துப் பார்த்தார்.
ஈறுக்குள் திருகாணி நிற்கிறதாம்.
"எந்தக் கம்பெனி? ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சாவி."
ரசீதை நீட்டினேன். வாங்கியவர் தலைகீழாகப் பிடித்தார்.
திருப்பிக் கொடுத்தேன்,
அதுதான் நேரா என்று எனக்கும் தெரியாது.

கீழே புடவைக்கடை நஸ்மி நானாவுக்கு ஓத வரும்.
"சபர், சேர் ஒன்றுமே போடலியே தங்கச்சி.
பொருளும் கேக்காதீங்க, சத்தம் மட்டுந்தான் நம்மகிட்ட."
சத்தம் போதும்.
நாலு வருஷம் குசினிக்குள் என்னைக் கூப்பிட்ட பாஷை, ஏசிய பாஷை.
ஓர் எழுத்துத் தெரியாது, ஒரு சொல் தப்பாது.
ஸன்னா, ஸின்னா என்று இழுத்தார்.
ஸின். பல், என்றேன்.
புர்கி.
திருகாணி.
ழமான் ஸனதைன், என்றார்.
ஓட்டையைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டேன்:
இரண்டு வருஷம் உத்தரவாதமாம், அம்மானில்.

கம்பெனிப் பெயர் இருவருக்கும் பிடிபடவில்லை.
அவர் வாசித்த சத்தத்தை வாய்க்குள் உருட்டியபடி
சிந்திவிடாமல் படியேறினேன்.
மூன்றாம் தரம் சொன்னபோது
திலினியின் புருவம் உயர்ந்தது.
"அட, அதா! சாவி கண்டியில் இருக்கும். வெள்ளிக்கிழமை வாங்க."
அதுவரை தற்காலிகப் பசை,
அந்தப் பக்கம் கடிக்கக் கூடாது.

திரும்பும்போது ஜன்னல் சீட், நல்ல மழை.
நாக்குக்குச் சொன்னால் விளங்கவில்லை,
நோர்வூட் தாண்டும்வரை
போய்ப் போய்த் தட்டிப் பார்த்தது.