எர்த்

களியோடைப் பாலத்துக்கு இப்பால்
எருமைகள் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தன.
ஜவாத் பிறேக்கை மிதித்தான்.
பிக்கப் நின்றது.
படகு நிற்கவில்லை.

இருபத்திரண்டடி பைபர், எஞ்சினும் ட்ரெய்லரும் சேர்த்து
ஒன்றரைத் தொன். பெயர் வெள்ளாப்பு.
கடலில் அதை யாரும் நில் என்று சொன்னதில்லை,
எஞ்சினை அணைத்தால் தண்ணீரே பிடித்துக்கொள்ளும்.
தார் ரோட்டில் பிடிக்க ஆளில்லை.
வந்த வேகத்தில் வந்து
பிக்கப்பின் முதுகில் தள்ள,
பம்பர் போய்க் கடைசி எருமையின் விலாவில் தொட்டது.
எருமை திரும்பியும் பார்க்கவில்லை.
அவன்தான் மூன்று நாள் சாவியைத் தொடவில்லை.

நாலாம் நாள் என் கராச் வாசலில்:
"ராத்தா, இதுக்கும் பிறேக் போட ஏலுமா?
இங்கினியாகலைக் குளத்துக்குக் கொண்டு போகணும்.
அங்க இறக்கம் வேற."
கையில் சீமெந்துப் பை.
உள்ளே பஞ்சிகாவத்தையில் வாங்கிய ட்ரம் இரண்டு,
காந்தம் இரண்டு, யாரோ வெட்டி எடுத்த வயர் மிச்சம்.

காட்டினேன்.
கரண்ட் வந்தால் இந்தக் காந்தம்
சுழலும் ட்ரம்மில் ஒட்டும்,
ஒட்டி இழுபட்டுக் கையை நகர்த்தும்,
கை பிறேக் சூவை விரிக்கும்.
கரண்ட் போனால்
ஒன்றும் நடவாதது போல விட்டுவிடும்.
"அப்ப, கழண்டு போனா?"
பொறு என்றேன்.

காரைதீவிலிருந்து தவேந்திரன் வந்து
அச்சில் பிளேட் ஒட்டிவிட்டுப் போனான்.
பழைய போல்ட் நாலில் மூன்று வந்தது.
நாலாவது உப்பில் கறள் கட்டி
தலையைத் தந்து உடம்பைத் தரவில்லை.
லுஹர் பாங்கு சொல்லும் வரை அதோடு கிடந்தேன்.

பிறகு ஜெக்கில் சில்லைத் தூக்கிக்
கையால் சுழற்றிவிட்டு,
"மிதி!"
"மிதிச்சிட்டன்!"
சில்லு யோசித்தது.
யோசித்துக்கொண்டே சுற்றியது.
"மிதி கா!"
"அடி வரைக்கும் மிதிச்சிட்டன் ராத்தா!"

மீற்றரில் ஆறு அம்பியர் இருக்க வேண்டிய இடத்தில்
இரண்டு.
வயரைத் தடவித் தடவிப் போனேன்.
காந்தத்தில் பிழையில்லை, பெட்டியில் பிழையில்லை.
எர்த்துக்கு நான் கொக்கியின் உருண்டையை நம்பியிருந்தேன்.
உருண்டையில் கிறீஸ், கிறீஸில் ஒலுவில் மணல்,
மணலுக்குக் கீழே கறள்.
பதினாறு வருடம் வயர் பிடித்தவள் செய்யக்கூடாத வேலை.
செய்திருந்தேன்.
அவனுக்குச் சொல்லவில்லை.
பற்றறி மைனஸிலிருந்து கடைசிச் சில்லு வரை
தனி வெள்ளை வயர் ஒன்று இழுத்தேன்.

"இது என்னத்துக்கு?"
"எர்த்."
"படகுக்கும் மண் வேணுமா" என்று சிரித்தான்.
சுற்றிவிட்டேன். மிதித்தான்.
ட்ரம்முக்குள் மெல்லிய இரைச்சல்,
சில்லு நின்ற இடத்தில் நின்றது.

அதன் பிறகு அவன் கேள்விக்கு வந்தேன்.
ட்ரெய்லரின் நாக்கில் சின்னப் பற்றறி,
அதில் ஒரு பின், பின்னிலிருந்து
பிக்கப்புக்கு ஒரு கம்பி.
கொக்கி கழன்றால் கம்பி இழுபடும்,
பின் வெளியே வரும்,
படகு தன் கரண்டில் தானே பிடித்துக்கொள்ளும்.
இழுத்துக் காட்டினேன்.
பிக்கப் கேற்றுக்கு வெளியே நின்றது.
ஜவாத் வெள்ளாப்பைத் தோளால் தள்ளிப் பார்த்தான்,
இன்னொரு தரம் தள்ளினான்.
"தனிய நிக்கிது" என்றான்.

தண்ணியில இறக்க முந்தி
பிளக்கைக் கழட்டு என்றேன், இரண்டு தரம்.
தலையாட்டினான். மறப்பான்.

அஸருக்குப் பிறகு ரோட்டில் போட்டுப் பார்த்தோம்.
பெட்டியின் திருகை ஐந்தில் வைத்தபோது
சில்லுகள் இறுகி றப்பர் மணந்தது.
மூன்றுக்கு இறக்கினேன்.

களியோடையில் அதே எருமைகள்.
முதுகில் தள்ளல் வரும் என்று
தோளை இறுக்கி வைத்துக்கொண்டு மிதித்தான்.
வரவில்லை.
கண்ணாடியில் பார்த்தான், படகு அங்கேதான் இருந்தது.
கடைசி எருமையும் வரம்பில் இறங்கி
வயலுக்குள் போய்விட்டது.
அவன் காலை எடுக்கவில்லை.
பின்னால் கல்முனை பஸ்
ஹோன் அடித்துக்கொண்டே இருந்தது.